குழந்தையை யார் கேட்டார்கள்? காவிரிக் கரையில் ஒரு வரலாறு

தஞ்சாவூர் என்றதும் நெல்லும் சோறும்தான் நினைவுக்கு வரும். பசியோடு வந்தவனுக்கு இலை போட்ட மண் என்ற பெயர் இதற்கு உண்டு. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சோறு போடுவதிலும் இந்த மண் பின்வாங்கியதில்லை. ஆனால் சோறு போட்ட பெரியவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீ யாரோடு இருக்க ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டார்களா? அதன் பாட்டியையும் அத்தையையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்களா?

குழந்தைகள் நலப் பணியில் இன்று "பங்கேற்பு" என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. ஒரு குழந்தை எங்கே வளர வேண்டும், யாரிடம் வளர வேண்டும் என்பதை அதிகாரிகள் மட்டும் முடிவு செய்யக் கூடாது. அந்தக் குழந்தையும் அதன் குடும்பமும் அந்த முடிவில் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இது நேற்று ஜெனீவாவிலிருந்து வந்து இறங்கிய கருத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் சுவடுகள் நம் ஊரிலேயே இருநூறு ஆண்டுகளாக உண்டு. கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தும் கேட்காமல் போன கதைதான் அதிகம்!

சத்திரத்துப் பிள்ளைகள்

மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798-இல் பட்டத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ஒரு மானியமும்தான். அந்த நிலையிலும் அவர் விட்டுக்கொடுக்க விரும்பாதவை சத்திரங்கள். ராமேஸ்வரம் போகும் பாதையில் வழிப்போக்கர்களுக்காக அவருடைய முன்னோர்கள் கட்டி வைத்தவை அவை. 1802-இல் அவரே ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரத்தைக் கட்டினார்.

1801-இல் சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்னென்ன நடக்கிறது, அவற்றை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதை அதில் விவரித்தார். வழிப்போக்கர்களாக வந்த இடத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் பற்றியும் அதில் வருகிறது. அவர்களை ஆசிரியர்களின் பொறுப்பில் விடுவார்கள். மூன்று வேளை சாப்பாடு, நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய்க் குளியல், உடம்புக்கு முடியாவிட்டால் மருந்து, உடுத்தத் துணி. இத்தோடு இன்னொரு விவரமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் எந்தக் கல்வியில் விருப்பம் தெரிவிக்கிறார்களோ அதையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். படிப்பு முடிந்ததும் கல்யாணச் செலவையும் சத்திரமே ஏற்றது.

ஒரு அநாதைப் பிள்ளைக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டு நடக்கலாம் என்று அன்றைய ஒரு மன்னர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது சின்ன விஷயம் இல்லை. என்றாலும் அந்தக் கேள்வி படிப்போடு நின்றது. அந்தப் பிள்ளைக்கு ஊரில் சித்தப்பா இருக்கிறாரா, அவரிடம் போக ஆசையா என்று யாரும் தேடிப் போனதாகக் கடிதத்தில் இல்லை. தர்மம் செய்பவர் மேலே, வாங்குபவர் கீழே. அப்படித்தான் அது இருந்தது.

கேட்கச் சொன்ன சட்டம்

சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர 1890 ஆனது. அந்த ஆண்டு வந்த "காப்பாளர்கள் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம்" இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சிறுவனுக்குக் காப்பாளரை நியமிக்கும்போது, அவன் யோசித்து விருப்பம் சொல்லும் வயதுடையவனாக இருந்தால் நீதிமன்றம் அந்த விருப்பத்தைக் கருத்தில் கொள்ளலாம் என்று அதன் 17-வது பிரிவு சொல்கிறது. "கொள்ளலாம்" என்பதைக் கவனியுங்கள். "கொள்ள வேண்டும்" இல்லை.

இந்த "லாம்" எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதைக் காட்டிய வழக்கு சென்னையில் நடந்தது. தஞ்சை உள்ளிட்ட மாகாணம் முழுவதும் அன்று பத்திரிகையில் படித்துப் பேசிய வழக்கு அது. அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் வேலை பார்த்த நாராயணையா, தன் இரண்டு மகன்களை வளர்க்கும் பொறுப்பை 1910-இல் அன்னி பெசன்ட் அம்மையாரிடம் எழுதிக் கொடுத்தார். மூத்த மகன்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளையவர் நித்யானந்தா. பெசன்ட் இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். 1912-இல் தகப்பனார் மனம் மாறி, பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். பெசன்ட் அம்மையார் தன் வழக்கைத் தானே வாதாடினார்.

1913-இல் சென்னை உயர் நீதிமன்றம் தகப்பனார் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1914-இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பிள்ளைகள் இருந்தது இங்கிலாந்தில், இங்கே வழக்கை விசாரித்ததே சரியில்லை என்பது ஒரு காரணம். அதோடு இன்னொன்றையும் பிரிவி கவுன்சில் சுட்டிக்காட்டியது. பையன்களின் விருப்பத்தை யாரும் அறிந்துகொள்ளவே இல்லையே! தகப்பன் பேசினார், வளர்த்தவர் பேசினார், வக்கீல்கள் பேசினார்கள், பத்திரிகைகள் பேசின. யாரைப் பற்றிய வழக்கோ அவர்களை மட்டும் கேட்கவில்லை. மூத்தவருக்கு அப்போது ஏறத்தாழ 19 வயது!

லண்டன் வரை போக வசதியுள்ளவர்கள் நடத்திய வழக்கு இது. ஏழைப் பிள்ளைகளுக்கு வந்த சட்டம் வேறு. இந்தியாவிலேயே முதன்முதலாக 1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரியவர்களின் சிறையிலிருந்து சிறுவர்களைப் பிரித்தது அதன் பெரிய நன்மை. ஆனால் முடிவெடுப்பவர் மாஜிஸ்திரேட், போய்ச் சேரும் இடம் அரசு அங்கீகரித்த பள்ளி. குடும்பம் என்பது பெரும்பாலும் "சரியாக வளர்க்கத் தெரியாதவர்கள்" என்ற பட்டியலில்தான் வந்தது.

முடிவெடுக்க முடியாத குடும்பங்கள்

குடும்பத்தைக் கேளுங்கள் என்று சொல்வது சுலபம். முடிவெடுக்கும் சுதந்திரம் குடும்பத்துக்கு இருந்தால்தானே கேட்க முடியும்? டெல்டாவில் பெரும்பாலான கூலிக் குடும்பங்களுக்கு அது இல்லை.

மிராசுதார் நிலத்தில் பரம்பரையாக உழைத்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சாவுக்கு வாங்கிய கடன் என்று தகப்பன் தலையில் ஏறியது பிள்ளையின் தலைக்கும் இறங்கும். விவரம் தெரியும் வயது வந்ததும் பையன் பண்ணை வீட்டு மாடு மேய்க்கப் போவான். "உன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாயா?" என்று அந்தத் தகப்பனைக் கேட்டு என்ன பயன்? பதில் அவன் கையில் இல்லை. 1952-இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் பெயரளவில் நிலத்தையும் கூலியையும் பற்றியவை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றித் தானே முடிவெடுக்க அவையும் ஒரு வழி திறந்தன என்றே சொல்ல வேண்டும்.

அந்த வழி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவதும் வாத்து மேய்ப்பதும் டெல்டாவில் வழக்கம். அந்த வேலைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பப்பட்ட சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகள் தஞ்சை, நாகை பக்கம் பல முறை வந்துள்ளன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் கூரையையும் ஒரே இரவில் சாய்த்துப் போட்ட பிறகும் அப்படி நடந்தது. இப்படி மீட்ட பையனை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பினால், முன்பணம் வாங்கியதே அந்த வீடுதான். இல்லத்தில் சேர்த்தால், குடும்பத்தின் வறுமைக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கிறான். இந்த முடிச்சு கடைசியில் மறுபடியும் வரும்.

2004 டிசம்பர் 26

1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த பகுதிதான் நாகப்பட்டினம் மாவட்டம். சுனாமியில் தமிழகத்தில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,065 பேர் இந்த ஒரு மாவட்டத்தில் இறந்தார்கள். அரசுக் கணக்குப்படி அவர்களில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. மற்றவர்கள் குழந்தைகள். ஆண்களை விடப் பெண்கள் அதிகம் என்பதால், தாயில்லாத பிள்ளைகளும், கடலுக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத தகப்பன்களும் கரை நெடுகிலும் மிஞ்சினார்கள்.

முதல் சில நாட்களில் உலகம் முழுவதிலுமிருந்து "ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்கிறோம்" என்ற விசாரிப்புகள் குவிந்தன. நல்ல மனதோடு கேட்டவர்களே அதிகம். ஆனால் குழந்தை கடத்துபவர்கள் அந்தக் கூட்டத்தில் கலந்துவிடலாம் என்ற பயமும் இருந்தது. அவசரத் தத்து கிடையாது என்று அரசு உறுதியாகச் சொன்னது. இன்று திரும்பிப் பார்த்தால் அது சரியான முடிவு. அதிர்ச்சியில் இருக்கும் குழந்தைக்கும், பிணக்குவியலில் மனைவியைத் தேடும் மாமாவுக்கும் யோசிக்க நேரம் வேண்டுமல்லவா?

2005 தொடக்கத்தில் நாகையில் அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் திறக்கப்பட்டது. நூறுக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் அங்கே சேர்ந்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளோடு வைத்த உறவு, பல ஆண்டுகள் கழித்து அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தில் அவர் முன்னின்றது வரை தொடர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய பாக்கியம். ஆனால் எல்லாக் கரையிலும் எல்லாக் காலத்திலும் நல்ல மனிதர் கிடைப்பார் என்று நம்பி ஒரு முறையை அமைக்க முடியாது.

அதே நாட்களில் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கல்முனையில் ஒரு கைக்குழந்தை மருத்துவமனையில் கிடந்தது. 81-வதாகச் சேர்க்கப்பட்டதால் "குழந்தை 81" என்றே உலகப் பத்திரிகைகள் எழுதின. பலர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. கடைசியில் நீதிமன்றம் மரபணுச் சோதனை நடத்தி, 2005 பிப்ரவரியில் பெற்றோரிடம் ஒப்படைத்தது. பேசத் தெரியாத குழந்தைக்கு ரத்தம் பேசியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதுமா? சித்தப்பா ரத்த சொந்தம்தான். ஆனால் அந்தச் சித்தப்பா வீட்டில் பயமில்லாமல் தூங்க முடியுமா என்பது பிள்ளைக்கு மட்டுமே தெரியும்.

தலைக்கட்டில் வராதவர்கள்

நாகைக் கரையின் மீனவ ஊர்களில் அரசுக்கு முன்பே ஒரு அரசு உண்டு. அதுதான் ஊர்ப் பஞ்சாயத்து. சுனாமி நாட்களில் பிணங்களை அடக்கம் செய்தது முதல் நிவாரணப் பட்டியல் போட்டது வரை பெரும் வேலையை அதுதான் செய்தது. அது இல்லாவிட்டால் பல ஊர்களில் சோறு கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமாகி வரி கட்டும் ஆண் ஒரு தலைக்கட்டு. கூட்டத்தில் உட்காருவதும் ஆண்கள்தான். கணவனை இழந்து கூடை சுமந்து மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் பெண் பல ஊர்களில் முழுத் தலைக்கட்டாக எண்ணப்படவில்லை. நிவாரணப் பட்டியலில் அவள் பெயர் விடுபடுகிறது என்று பெண்கள் அமைப்புகள் போராட வேண்டியிருந்தது. பேரனை வளர்க்கும் பாட்டிக்கும் இதே கதிதான். "குடும்பத்தைக் கேட்டு முடிவு செய்தோம்" என்று ஒரு கோப்பில் எழுதியிருந்தால், அந்தக் குடும்பம் என்பது யார் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தாயை இழந்த வீட்டில் பெண் பிள்ளையை வைத்திருக்கப் பயந்து சீக்கிரமே கல்யாணம் முடித்து வைத்தார்கள் என்ற கவலையான செய்திகளும் அந்த மாதங்களில் வந்தன. குடும்பம் கூடி எடுத்த முடிவுதான் அது. பாசத்தில் எடுத்ததாகக் கூட இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் பிள்ளையைக் கேட்டார்களா? குடும்பத்தைக் கேட்பதும் குழந்தையைக் கேட்பதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடற்கரை சொன்ன பாடம்.

உலகின் மறுமுனையில்

இதற்கு ஒரு முறை கண்ட நாடு நியூசிலாந்து. அங்கே மாவோரி பழங்குடிப் பிள்ளைகளை அரசு வீட்டிலிருந்து பிரித்து இல்லங்களில் சேர்த்து வந்தது. எங்கள் உறவினர் கூட்டத்தைக் கேட்காமல் எங்கள் பிள்ளையை எப்படி எடுத்துப் போகலாம் என்று மாவோரிகள் கேட்டார்கள். அதன் விளைவாக 1989-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சமூகப் பணியாளர் குடும்பத்தை, பாட்டி, அத்தை, மாமன் என்று விரிந்த குடும்பத்தை, ஒன்றாகக் கூட்டுகிறார். நிலைமையை விளக்குகிறார். பிறகு வெளியே போய்விடுகிறார்! குடும்பம் தனியாகப் பேசி ஒரு திட்டம் சொல்கிறது. பிள்ளைக்கு ஆபத்து இல்லையென்றால் அதுவே முடிவாகிறது. "குடும்பக் குழுக் கூட்டம்" என்ற இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

அதே 1989-இல்தான் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் வந்தது. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-வது பிரிவு. இந்தியா 1992 டிசம்பரில் அதை ஏற்றது.

இன்றைய சட்டமும் ஒரு மேசையும்

2000-இல் வந்த இளைஞர் நீதிச் சட்டம் குழந்தைகள் நலக் குழுவை உருவாக்கியது. 2015-இல் வந்த புதிய சட்டம் அதைத் தொடர்ந்தது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அவர்களில் ஒருவராவது பெண். ஆதரவு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் இவர்கள் முன் கொண்டுவர வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கே போய் விசாரித்து 15 நாட்களில் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குழந்தையின் பங்கேற்பும், குடும்பமே முதல் பொறுப்பு என்பதும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதும் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகள். தத்து கொடுப்பதிலும் 5 வயது நிரம்பிய குழந்தை என்றால் அதன் சம்மதம் வேண்டும்.

பணமும் கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 2021 மே மாதம் தமிழக அரசு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை அறிவித்தது. அதோடு, உறவினர் வீட்டில் வளரும் குழந்தைக்கு 18 வயது வரை மாதம் 3,000 ரூபாயும் அறிவித்தது. பாட்டி பேரனை விட்டுவிட நினைப்பது பாசம் இல்லாமல் இல்லை, அரிசி இல்லாமல்தான் என்பதை அரசு புரிந்துகொண்டதன் அடையாளம் அது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்திலும் குடும்பத்தோடு வளரும் ஏழைக் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

இப்போது அந்த ஆட்டுக்கிடைப் பையனிடம் திரும்புவோம். கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். பையன் குழுவின் மேசை முன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மேசைக்குப் பின்னால் ஐந்து பெரியவர்கள். எதிரே நிற்கும் தகப்பனுக்குத் தன்னைச் சிறையில் போட்டுவிடுவார்களோ என்று பயம். அந்த நேரத்தில் "வீட்டுக்குப் போகிறாயா, இல்லத்துக்குப் போகிறாயா?" என்று பையனைக் கேட்டால் அவன் தகப்பனின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவான். கோப்பில் "குழந்தையின் விருப்பம் கேட்கப்பட்டது" என்று ஒரு வரி ஏறும். சட்டப்படி எல்லாம் சரி!

உண்மையாகக் கேட்பதற்கு அதிக நேரமாகும். பையனோடு தனியாக ஒருவர் உட்கார வேண்டும், ஒரு நாள் போதாது. தாயைத் தனியாகக் கேட்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, எதற்கு வாங்கினார்கள், மறுவாழ்வுத் தொகை எப்போது வரும், அதுவரை அடுப்பு எப்படி எரியும் என்று பேச வேண்டும். அடுத்த தெருவில் அக்காள் வீடு இருந்தால் அவளையும் கூப்பிட வேண்டும். "இந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம், மாதம் இவ்வளவு உதவி வரும், மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்ப்போம்" என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்குக் கூடிப் பேசுவது புதிது இல்லை. வாய்க்கால் தண்ணீர் முறைக்கும், கோயில் திருவிழாவுக்கும், மீன்பிடித் தகராறுக்கும் ஊர் கூடித்தான் முடிவு செய்கிறது. அந்தக் கூட்டத்தில் இதுவரை இடம் இல்லாதவர்கள் பாட்டியும், தாயும், பிள்ளையும். சத்திரத்துப் பிள்ளையிடம் "என்ன படிக்கிறாய்?" என்று கேட்ட ஊரில், "யாரோடு இருக்கிறாய்?" என்று கேட்பதற்கு இருநூறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அந்தக் கேள்வி இப்போது சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, பிள்ளை வாய் திறக்கும் வரை காத்திருக்க ஒரு ஆள் வேண்டும்.